சீஃப் மேனேஜர் இன்டர்வியூ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பொதுத்துறை வங்கி ஒன்றில் ஸ்கேல் மூன்றில் கிளை மேலாளராக இருக்கிறேன். அடுத்த படியான ஸ்கேல் நான்குக்கு, அதாவது சீஃப் மேனேஜர் பதவிக்கு, எழுத்துத் தேர்வு முடிந்து இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. பழைய சர்குலர்களை எல்லாம் மறுபடி படிக்கிறேன், படிக்கப் படிக்கப் பயம்தான் கூடுகிறது. வீட்டில் பையன் பத்தாவது. நீங்களும் வங்கியில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன், எப்படித் தயாராவது?

வி.

அன்புள்ள வி.,

சர்குலரை மூடி வையுங்கள். எழுத்துத் தேர்வில்தான் அதையெல்லாம் கேட்டுவிட்டார்களே. ஸ்கேல் மூன்று வரை மிடில் மேனேஜ்மென்ட், நான்கிலிருந்து சீனியர் மேனேஜ்மென்ட். எதிரே உட்காருகிறவர்கள் பார்ப்பது ஒன்றுதான், இந்த அம்மாவிடம் பெரிய கிளையைக் கொடுத்தால் எதற்கெடுத்தாலும் நமக்கு ஃபோன் அடிக்காமல் தானே முடிவெடுப்பாரா என்று.

அதனால் உங்கள் கிளைக் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள். எஸ்எம்ஏ-2, அதாவது 61 நாளிலிருந்து 90 நாள் வரை பாக்கி நிற்கும் கடன் எவ்வளவு என்று கேட்டால் தொகையை யாரும் சொல்லிவிடுவார்கள். நீங்கள் அதோடு நிற்காதீர்கள். ஓர் அரிசி ஆலைக்குச் சிறுதொழில் கடனாக ஒரு கோடி கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தவணை ஒழுங்காக வரும்வரை 0.25 சதவீதம், 25,000 ரூபாய் நஷ்டம் வந்தால் ஈடுகட்டவென்று வங்கி ஒதுக்கினால் போதும். 90 நாளைத் தாண்டி என்பிஏ, அதாவது வாராக்கடன் ஆகிவிட்டால், முழுக்க அடமானம் இருந்தால்கூட 15 சதவீதம், 15 லட்சம், அது போக வரவு வைத்து வசூலாகாமல் நிற்கும் வட்டியையும் திருப்பி எழுத வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, பாக்கி விழுந்த முதல் மாதமே ஆலைக்குப் போனீர்களா, நெல் வரத்து தாமதமா இல்லை ஆலை முதலாளியின் மகன் பணத்தை மனையில் போட்டுவிட்டாரா, கடனைத் திருத்தி அமைத்தீர்களா அடமானச் சொத்தை வங்கியே கையகப்படுத்துவதற்கான சர்ஃபேசி சட்ட நோட்டீஸ் விட்டீர்களா, ஏன் என்று சொன்னீர்களானால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அப்புறம், நீங்கள் மறுத்த ஒரு கடனையும் யோசித்து வையுங்கள். கொடுத்ததைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். டார்கெட் கழுத்தை நெரிக்கும் மார்ச்சில் முடியாது என்று சொன்ன ஒன்று இருந்தால் அது பேசும். ரீஜனல் மேனேஜர் மேல் புகார் மாதிரி மட்டும் ஆகிவிடக் கூடாது, அறையில் அவருடைய நண்பர் யாராவது இருப்பார்.

பையன் பத்தாவது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கென்னவோ பயம் அங்கேதான் இருக்கிறது. எங்கே போட்டாலும் போவீர்களா என்று கேட்பார்கள், பெண்களிடம் கூடுதலாகவே கேட்பார்கள், அது நியாயமில்லை, ஆனால் அதை வாதாடும் இடம் அந்த அறை இல்லை. வெளிமாநிலம் என்றால் சரியா இல்லையா என்று வீட்டில் இந்த வாரமே பேசி முடியுங்கள். பிரமோஷன் வந்தபிறகு வேண்டாம் என்றால் சில வருடம் அடுத்த வாய்ப்பையே தராத வங்கிகள் உண்டு. உங்கள் வங்கியின் பிரமோஷன் பாலிசியில் அந்தப் பகுதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.