கரகரக்கும் வேன் கதவு

கேள்வி: பழைய ஆம்னி வேனில் பின்சீட்டைக் கழற்றி, படுக்கை போட்டு ஊர் சுற்றுகிறோம். தனுஷ்கோடி போய்வந்ததிலிருந்து தள்ளு கதவு கரகரவென்று இழுக்கிறது. கிரீஸ் அடித்தும் சரியாகவில்லை. மழைத்தண்ணீரும் உள்ளே வருகிறது.
- ஒரு வாசகர், பரமக்குடி

பதில்: அந்த கிரீஸ்தான் வினையே. கடற்கரை மணல் அதில் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி ரோலரை, அதாவது கதவைத் தாங்கி ஓடும் சின்னச் சக்கரத்தைத் தேய்க்கும். உங்கள் கதவுக்கு மேலே, கீழே, நடுவே வெளிப்பக்கம் பின் ஜன்னல் கண்ணாடிக்கு அடியில் என மூன்று ரெயில்கள். பட்டறைக்கு வருகிறவர்கள் கீழ் ரெயிலை மட்டும் துடைத்திருப்பார்கள். அழுக்கு நடு ரெயிலின் மூலையில் உட்கார்ந்திருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ், மண்ணெண்ணெய் நனைத்த துணி போதும். பழைய கிரீஸை முழுதாக வழித்து, காயவிட்டு, ரோலருக்கு மட்டும் வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சமாகத் தடவுங்கள். அப்புறமும் கதவு தொங்கினால் ரோலர் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

கதவு ஓரத்தை மூடும் ரப்பர் பட்டையான பீடிங் பக்கம் மண்ணெண்ணெயைக் கொண்டுபோகவே கூடாது, உப்பிவிடும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, சிலிக்கான் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் தடவுங்கள். பிறகு ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். இறுக்கமே இல்லாமல் உருவிக்கொண்டு வரும் இடம்தான் ஒழுகும் இடம். கதவின் அடியில் இருக்கும் சின்னத் துளைகளையும் குச்சியால் குத்திவிடுங்கள். அவை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, தகரம் துருப்பிடிக்கும். அதற்குச் செலவு ரோலரைவிட அதிகம்.