ஈறுல ரத்தம், சொல்லிட்டு போகவா சொல்லாம போகவா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 36. ஹெச்.ஐ.வி இருக்குன்னு தெரிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு, ஏ.ஆர்.டி மாத்திரை (ஹெச்.ஐ.விய கட்டுப்படுத்தற மருந்து) ஒருநாள் கூட விட்டதில்ல. நாலு மாசமா பல்லு விளக்கினா ஈறுல ரத்தம் வருது. ஒரு கிளினிக்ல விஷயத்த சொன்னதும் "மெஷின் ரிப்பேர், நாளைக்கு வாங்க"ன்னு மூணு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. வேற எடத்துல சொல்லாமலே கிளீனிங் பண்ணிக்கலாமா? மாத்திரையாலதான் ஈறு கெடுதா? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: சகோதரி, மூணு தடவ உங்கள அலைய விட்டது ரொம்ப தப்பு. 2017-ல வந்த ஹெச்.ஐ.வி சட்டப்படி இந்த காரணத்துக்காக வைத்தியம் மறுக்கவே கூடாது. உங்களுக்குன்னு தனி மெஷினும் தேவையில்ல, கிளவுஸ், மாஸ்க், ஆட்டோகிளேவ்ல (கிருமி கொல்ற நீராவி மெஷின்ல) போட்டெடுத்த கருவி, இதெல்லாம் வர்ற எல்லா பேஷண்டுக்கும் செய்ய வேண்டியதுதான்.

மாத்திரைய சந்தேகப்பட்டு நிறுத்திடாதீங்க. சில மருந்துல வாய் உலரும், எச்சில் குறைஞ்சா சொத்தை சீக்கிரம் வரும், அது உண்மை. ஆனா ரத்தம் வர்றதுக்கு பெரும்பாலும் காரணம் பல்லடியில படிஞ்ச காரைதான், அது யாருக்கும் வரும். கண்ணாடி முன்னாடி உதட்ட தூக்கி பாருங்க, பல்ல ஒட்டி ஈறு ஓரமா சிவப்பு நூல் கட்டுன மாதிரி கோடு தெரியுதா, ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்கற ஈறு அரிச்சு போய் கெட்ட நாத்தமும் தாங்க முடியாத வலியும் இருக்கா, நாக்குல தயிர் ஒட்டுன மாதிரி வெள்ளையா இருக்கா? இதெல்லாம் எதிர்ப்பு சக்தி குறையும்போது, முக்கியமா சி.டி.4 (ரத்தத்துல இருக்கற எதிர்ப்பு சக்தி அணுக்களோட எண்ணிக்கை) 200-க்கு கீழ போனா அதிகமா வர்றது. ஒண்ணு இருந்தாலும் இந்த வாரமே போங்க, ஏ.ஆர்.டி சென்டர்லயும் சொல்லுங்க. சுகரும் ஒரு தடவ பாத்துடுங்க.

நிறைய பேர் ரத்தம் வருதுன்னு பயந்து அந்த எடத்த மட்டும் தொடாம விட்டுடறாங்க, அங்கதான் அழுக்கு இன்னும் சேரும், ரத்தமும் கூடும். சாஃப்ட் பிரஷ்ஷ ஈறு ஓரத்துல சாய்ச்சு வச்சு மெதுவா, ராத்திரி படுக்கப் போறப்பவும் கண்டிப்பா.

சொல்லணுமான்னு கேட்டீங்க. சொல்லியே ஆகணும்னு சட்டம் இல்ல, அது உங்க உரிமை. ஆனாலும் டாக்டர்கிட்ட தனியா சொல்றதுதான் நல்லதுன்னு நான் நினைக்கறேன். ஏன்னா, பல்லு எடுத்துட்டு வலி மாத்திரையோட வயித்துக்கு கேஸ் சிரப் ஒண்ணும் எழுதி தருவாங்க, உங்க ஏ.ஆர்.டி மாத்திரையில டோலுடெக்ராவிர்ங்கற மருந்து இருந்தா, அதையும் சிரப்பையும் சேர்த்து சாப்பிட்டா மருந்து உடம்புல சரியா ஏறாது, ஏ.ஆர்.டி மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுதான் சிரப் குடிக்கணும், சிரப்ப முதல்ல குடிச்சிட்டா அந்த மாத்திரை போட ஆறு மணி நேரம் பொறுக்கணும். விஷயம் தெரிஞ்சாதான டாக்டர் இத சொல்ல முடியும்?

ஏ.ஆர்.டி சென்டர் கவுன்சிலர்கிட்ட கேட்டு அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவுக்கு சீட்டு வாங்கிக்கோங்க, கடைசியா எடுத்த சி.டி.4, வைரல் லோடு (ரத்தத்துல வைரஸ் எவ்வளவுன்னு காட்டறது) ரிப்போர்ட்ட கையில எடுத்துட்டு போங்க. அங்கயும் தட்டி கழிச்சா எய்ட்ஸ் உதவி எண் 1097-க்கு போன் பண்ணுங்க, காசு கிடையாது.