பழிவாங்கல் முடிந்த பிறகு தொடங்கும் படம்: 'மார்லினா'வைத் திரையிட நினைப்பவர்களுக்கு

கேள்வி: எங்கள் ஊர்த் திரைப்படக் கழகத்தில் ஆசியப் பெண் இயக்குநர்களின் படங்களை மாதம் ஒன்றாகத் திரையிட முடிவு செய்திருக்கிறோம். இந்தோனேசியாவிலிருந்து மௌலி சூர்யாவின் 'மார்லினா' படத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அதற்கு உறுப்பினர் சிலர், "வன்புணர்வு, பழிவாங்கல், இதெல்லாம் பார்த்துச் சலித்த கதைதானே" என்கிறார்கள்; வேறு சிலரோ, "கௌபாய் படத்துக்கும் இந்தோனேசியாவுக்கும் என்ன தொடர்பு" என்று கேட்கிறார்கள். இதைத் திரையிடலாமா? எப்படி அறிமுகப்படுத்துவது? உடன் வேறு எந்தப் படங்களைச் சேர்க்கலாம்?

பதில்: தாராளமாகத் திரையிடலாம். ஆனால் அறிவிப்பில் 'பழிவாங்கும் பெண்ணின் கதை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால், வருகிறவர்கள் எதற்காகக் காத்திருப்பார்களோ அது முதல் அரைமணி நேரத்திற்குள்ளாகவே முடிந்துவிடும். மீதிப் படம் அவர்களுக்கு இழுவையாகத் தோன்றும். 2017-இல் கான் விழாவின் இயக்குநர்கள் பிரிவில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட இந்தப் படத்தின் முழுத் தலைப்பு 'மார்லினா எனும் கொலைகாரி, நான்கு அங்கங்களில்' என்பதாகும். கொள்ளை, பயணம், பாவமன்னிப்பு, பிறப்பு என்பவை அந்த நான்கு அங்கங்கள். கொலைகளில் பெரும்பாலானவை முதல் அங்கத்திலேயே நடந்துவிடுகின்றன. பழி தீர்த்த ஒரு பெண் மறுநாள் காலை எங்கே போவாள், அவள் சொல்வதை யார் கேட்பார்கள் என்பதைத்தான் எஞ்சிய மூன்று அங்கங்களும் பேசுகின்றன.

முதல் அங்கத்தைச் சற்று விரிவாகச் சொல்வது அறிமுக உரைக்கு உதவும். கணவனை இழந்த மார்லினாவின் வீட்டுக்கு மார்க்கஸ் என்ற முதியவன் பைக்கில் வருகிறான். இன்னும் ஆறு பேர் வரப்போகிறார்கள் என்றும், அவளுடைய கால்நடைகளை எடுத்துக்கொள்ளப்போகிறோம் என்றும், நேரம் இருந்தால் அவளையும் விடப்போவதில்லை என்றும், வானிலையைப் பற்றிப் பேசுபவனைப் போல நிதானமாகச் சொல்கிறான். சொல்லிவிட்டு இரவுச் சாப்பாடு சமைக்கச் சொல்கிறான். அவள் கோழி சூப் வைக்கிறாள், அதில் நஞ்சைக் கலக்கிறாள். கூடத்தின் மூலையில் துணியால் சுற்றப்பட்ட அவளுடைய கணவனின் உடல் உட்கார்ந்த நிலையில் இருக்கிறது. அகலத்திரையில் கேமரா பெரும்பாலும் அசையாமல் நிற்க, சூப்பைக் குடித்த ஆண்கள் ஒவ்வொருவராகச் சரிகிறார்கள். சூப்பைக் குடிக்காத மார்க்கஸ் அவளை வன்புணரும்போது, அருகில் கிடக்கும் வெட்டுக்கத்தியால் அவன் தலையை அவள் துண்டித்துவிடுகிறாள். இதையெல்லாம் பார்த்தபடி கணவன் மூலையில் உட்கார்ந்திருக்கிறான். காக்க வேண்டிய ஆண் வீட்டிலேயே இருந்தும் பிணமாக இருக்கிறான் என்ற இந்தக் கசப்பான நகைச்சுவையைப் படம் விளக்கிச் சொல்வதில்லை.

அந்தப் பிணம் திகிலூட்டுவதற்காக வைக்கப்பட்டது அன்று என்பதை உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கதை நடக்கும் சும்பா தீவு, கிழக்கு நுசா தெங்காரா மாகாணத்தைச் சேர்ந்தது. மராப்பு என்ற மூதாதையர் வழிபாட்டு மரபு அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. அடக்கச் சடங்குக்கு எருமைகளும் குதிரைகளும் பெரும் செலவும் தேவைப்படுவதால், அவற்றைத் திரட்டும்வரை இறந்தவரின் உடலைத் துணிகளால் சுற்றி வீட்டிலேயே வைத்திருக்கும் வழக்கமும் உண்டு. ஆகவே அந்த மூலை மார்லினாவின் துக்கத்தோடு அவளுடைய வறுமையையும் காட்டுகிறது.

கௌபாய் படத்துக்கும் இந்தோனேசியாவுக்கும் உள்ள தொடர்புக்கும் விடை இந்தத் தீவில்தான் இருக்கிறது. இந்தோனேசியா என்றதும் நாம் நினைக்கும் பச்சை வயலும் மழையும் இங்கே இல்லை. காய்ந்த புல்வெளிக் குன்றுகள், ஆளரவமற்ற சாலை, செல்வமாகவும் மணச்சீராகவும் கைமாறும் குதிரைகள், இடுப்பில் வெட்டுக்கத்தியோடு நடமாடும் ஆண்கள், எட்டாத தொலைவில் சட்டம் என்று, வெஸ்டர்ன் வகைப் படம் கேட்கும் அனைத்தும் அந்த மண்ணிலேயே இருக்கின்றன. இத்தாலியர்கள் எடுத்தவற்றை 'ஸ்பகெட்டி வெஸ்டர்ன்' என்று அழைத்ததைப் போல, 'வெரைட்டி' இதழின் விமர்சகர் மேகி லீ இந்தப் படத்துக்கு 'சாத்தே வெஸ்டர்ன்' என்று பெயர் வைத்தார்; சாத்தே என்பது குச்சியில் குத்திச் சுட்ட இந்தோனேசிய இறைச்சி உணவு. ஸீக் கசேலியும் யுதி அர்ஃபானியும் அமைத்த இசையைக் கேட்டால் பழைய இத்தாலியப் படங்களின் நினைவு வராமல் போகாது.

ஆனால் அந்த வகைப் படத்தின் முதுகெலும்பையே மௌலி சூர்யா முறித்துவிடுகிறார் என்பது என் கருத்து. வெஸ்டர்ன் படங்களில் நாயகன் சட்டத்துக்கு வெளியே நின்றாவது நீதியை நிலைநாட்டிவிட்டுத் தனியே குதிரையில் போய்விடுவான். மார்லினாவோ துண்டித்த தலையை எடுத்துக்கொண்டு சட்டத்தைத் தேடிப் போகிறாள். காவல் நிலையத்தில் காவலர்கள் டேபிள் டென்னிஸ் ஆடிக்கொண்டிருக்க, அவள் காத்திருக்கிறாள். பிறகு அவளிடம் விவரம் கேட்கும் அதிகாரி, அவன் கிழவனாகவும் ஒல்லியாகவும் இருந்தான் என்றால் ஏன் விட்டுக்கொடுத்தாய் என்கிறார். மருத்துவப் பரிசோதனைக்கான கருவி வர நாளாகும் என்கிறார். படத்தில் மிகக் கொடூரமான காட்சி எது என்று என்னைக் கேட்டால், ஒரு துளி ரத்தமும் இல்லாத இந்தக் காட்சியைத்தான் சொல்வேன். இந்தோனேசியாவில் பாலியல் வன்முறைக் குற்றங்களுக்கான தனிச் சட்டம் பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2022 ஏப்ரலில்தான் நிறைவேறியது என்பதையும் கலந்துரையாடலில் குறிப்பிடலாம்.

சட்டம் கைவிட்ட இடத்தில் துணைக்கு வருபவர்கள் பெண்கள்தாம். காவல் நிலையத்துக்குப் போகும் வழியில், மார்லினாவின் கையிலிருக்கும் கத்தியைக் கண்டு மற்றவர்கள் அவள் ஏறிய வண்டியை விட்டு ஓடினாலும், கல்யாணச் சீருக்கான குதிரைகளோடு போகும் மூதாட்டி அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். வழிக்கடைச் சிறுமி தோபானுக்கு, மார்லினா பறிகொடுத்த மகனின் பெயரே வாய்த்திருக்கிறது. எல்லோரையும்விட முக்கியமானவள் நோவி என்ற கர்ப்பிணி. அவளுக்குப் பத்து மாதம் என்று வசனம் வரும்போது நம்மவர்கள் அதைக் கவனிக்காமல் விட்டுவிடக்கூடும். நமக்குப் பத்து மாதம் சுமப்பது இயல்பான பேச்சு. இந்தோனேசியர்களின் வழக்குக் கணக்கோ ஒன்பது மாதமும் பத்து நாளும் ஆகும். நாள் தப்பியும் பிள்ளை இறங்கவில்லை என்பதையே காரணமாக வைத்து அவள் கணவன் அவள் நடத்தையைச் சந்தேகிக்கிறான். இந்த ஒரு விவரம் தெரியாவிட்டால் நோவியின் கதையில் பாதி கைநழுவிப் போய்விடும்.

இனி, இது பார்த்துச் சலித்த கதை என்ற எதிர்ப்புக்கு வருகிறேன். இந்தோனேசியத் திரையில் பழிவாங்கும் பெண் புதியவள் அல்லள்; ஆனால் பழிவாங்க வேண்டுமென்றால் அவள் முதலில் சாக வேண்டியிருந்தது. சுசானா நடித்த 'சுண்டல் போலோங்' (1981) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: கும்பலால் சிதைக்கப்பட்டு, நீதிமன்றத்திலும் நியாயம் கிடைக்காமல் இறந்துபோகும் பெண், முதுகில் துளையுள்ள பேயாகத் திரும்பிவந்து ஒவ்வொருவராகக் கொல்கிறாள். சர்வாதிகாரி சுகார்த்தோவின் ஆட்சிக்காலப் பேய்ப்படங்களில், முடிவில் மதகுரு ஒருவர் வந்து ஒழுங்கை மீட்பதும் வழக்கம். 'மார்லினா'வில் பெண் உயிரோடு இருக்கிறாள்; பேயாக அலைவது ஆண். தலையில்லாத மார்க்கஸ், ஜுங்கா என்ற சும்பா நரம்பிசைக் கருவியை மீட்டியபடி அவளைப் பின்தொடர்கிறான். பழைய பேய்ப்படத்தைத் தலைகீழாகத் திருப்பிய இந்த விளையாட்டு, உள்ளூர்ப் பார்வையாளருக்கு உடனே புரியக்கூடியது; நமக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெண் இயக்குநர்களின் வரலாற்றை அறிமுக உரையில் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1950களின் தொடக்கத்திலேயே ரத்னா அஸ்மாரா இயக்கத் தொடங்கியிருந்தாலும், அடுத்த பல பத்தாண்டுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்களே அந்த நாற்காலியில் அமர்ந்தார்கள். 1998-இல் சுகார்த்தோ வீழ்ந்த அதே ஆண்டில் வெளிவந்த 'குல்டெசாக்' படத்தின் நான்கு இயக்குநர்களில் மீரா லெஸ்மானாவும் நான் அக்னாஸும் பெண்கள். பலதாரமணத்தை மூன்று கதைகளாகச் சொன்ன நியா டினாட்டாவின் 'பெர்பாகி சுவாமி' 2006-இல் வந்தது. மௌலி சூர்யாவின் முதல் படமான 'ஃபிக்ஸி' 2008-இல் வெளியானது. 'மார்லினா' 2018-இல் இந்தோனேசியத் திரைப்பட விழாவில் பத்துச் சித்ரா விருதுகளை அள்ளியது. மார்ஷா திமோதிக்குச் சிறந்த நடிகை விருதும் அவற்றில் அடக்கம்.

ஒரு குறையையும் மறைக்காமல் பேசுங்கள். கதைக்கருவைத் தந்தவர் மூத்த இயக்குநர் காரின் நுக்ரோஹோ. எடுத்தவர் ஜகார்த்தாவில் பிறந்தவர். தலைநகரத்தின் கண்ணுக்குக் கிழக்குத் தீவுகள் எப்போதும் சற்றுக் காட்டுத்தனமாகவே தெரிந்துவந்திருக்கின்றன; சும்பா ஆண்களில் ஒருவர்கூடத் தேறாத இந்தப் படமும் அந்தப் பார்வையிலிருந்து முழுதாகத் தப்பவில்லை என்றே நினைக்கிறேன். இயற்கைக்காட்சியின் அழகில் மயங்கிப் போகிற உறுப்பினர்களிடம் இந்தக் கேள்வியை எழுப்பினால் விவாதம் சூடுபிடிக்கும்.

உடன் சேர்ப்பதற்கு என் தேர்வு கமீலா ஆண்டினியின் 'யூனி' (2021). இவர் காரின் நுக்ரோஹோவின் மகள். பாந்தென் மாகாணத்தின் செராங் பகுதியில் பள்ளி இறுதியாண்டு படிக்கும் பெண்ணைத் தேடி அடுத்தடுத்துப் பெண் கேட்டு வருகிறார்கள். இரண்டு வரன்களுக்கு மேல் தட்டிக்கழித்தால் பிறகு திருமணமே நடக்காது என்கிறது ஊர். இதில் கத்தியோ கொலையோ இல்லை. மார்லினாவின் வீட்டுக்கு வந்த ஆண்கள் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். யூனியின் வீட்டுக்கு வருபவர்கள் முறைப்படி கேட்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்த மாதங்களில் பார்த்தால் உங்கள் உறுப்பினர்களுக்குப் பேச நிறைய இருக்கும். ஒரே நாளில் இரண்டையும் போட வேண்டாம்.

நடைமுறை விஷயங்கள் சில உண்டு. வீட்டில் பார்க்க எடுத்த ஓடிடி சந்தா பொதுத் திரையிடலுக்கான உரிமை ஆகாது; விநியோக உரிமை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இரண்டு மாதங்களாவது முன்பே எழுதிக் கேளுங்கள். சான்றிதழ் பெறாத வெளிநாட்டுப் படத்தை இந்தியாவில் பொதுவில் காட்டத் தணிக்கை விலக்கும் தேவைப்படும். படத்தில் வன்புணர்வுக் காட்சிகள் இரண்டு. ஒன்று தொடக்கத்திலும் மற்றொன்று இறுதியிலும் வருகின்றன. இதை அறிவிப்பிலேயே எழுதிவிட்டு, கதவோரம் உட்கார விரும்புபவர்களுக்கு இடம் விட்டு வையுங்கள். இடைவேளை இல்லாமல் ஓட்டுவதே நல்லது, படம் ஒன்றரை மணி நேரம்தான். விட்டே ஆக வேண்டும் என்றால் முதல் அங்கம் முடிந்ததும் விடாதீர்கள், பாதிப் பேர் கதை முடிந்துவிட்டதென்று எழுந்து போய்விடுவார்கள். இரண்டாம் அங்கத்தின் முடிவில் விளக்கைப் போடுங்கள்.