கேளுங்கள், சொல்கிறோம்: ஆலோசகர் பயிற்சியில் இருப்பவர்களுக்கு

(மனநல ஆலோசகர் பயிற்சியில் இருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு நம் ஆலோசகர் குழு பதில் தருகிறது.)

கேள்வி: எம்.எஸ்ஸி. உளவியல் முடிக்கப்போகிறேன். களப்பயிற்சியில் எதிரே இருப்பவர் பேசத் தொடங்கிய பத்து நிமிடத்தில் எனக்கு அறிவுரை வந்துவிடுகிறது. எண்ணத்தையும் செயலையும் மாற்றப் பழக்கும் சிபிடியா, ஒத்துணர்ந்து கேட்கும் ரோஜர்ஸ் வழியா, எதைப் பின்பற்றுவது என்றும் குழப்பம். (பாளையங்கோட்டை)

பதில்: முறையை அப்புறம் பார்க்கலாம். முதல் அமர்வின் 50 நிமிடத்தை முதலில் ஒழுங்குபடுத்துங்கள். ஆரம்ப ஐந்து நிமிடம் ரகசியம், அதன் எல்லை, அடுத்த அமர்வின் நேரம். கடைசிப் பத்து நிமிடம், "நான் புரிஞ்சுகிட்டது இது, சரிதானா?" என்று திருப்பிச் சொல்லித் திருத்தம் வாங்குவதற்கு. நடுவில் உள்ளதெல்லாம் அவருடைய நேரம்.

முக்கூடல் பக்கத்திலிருந்து வரும் பீடி சுற்றும் அக்கா, "மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார். "நெஞ்சு படபடன்னு அடிக்கு, ராத்திரி ஒறக்கமே வரமாட்டேங்கு" என்பார். அதைப் பாடப்புத்தகச் சொல்லாக மாற்றாமல், கடைசியாகப் படபடத்த ஒரே ஒரு நேரத்தைப் பிடியுங்கள். எங்கே இருந்தார், பக்கத்தில் யார், மனதில் என்ன ஓடியது, உடம்பில் என்ன தெரிந்தது, உடனே என்ன செய்தார்? இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்தால் எந்த முறை தேவை என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். கூடவே தைராய்டு, ரத்தச்சோகை பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள். இரண்டுமே படபடப்பைத் தரும்.

கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் வலியுறுத்திய ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, பாசாங்கின்மை ஆகியவை எல்லா முறைக்கும் அடித்தளம். துக்கம், குடும்பத்தில் எடுக்க வேண்டிய முடிவு போன்றவற்றுக்குப் பல நேரம் அதுவே போதும். பயந்து ஒதுங்குபவருக்கு, 1960-களில் ஆரன் பெக் வளர்த்த சிபிடி நன்றாக வேலை செய்யும். படுக்கையை விட்டே எழாதவரிடம், மனதில் ஓடுவதை எழுதிவரும் எண்ணக் குறிப்பேட்டை நீட்டுவதுதான் பயிற்சியில் இருப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம். அவருக்கு முதலில் செயல். "தினமும் நடங்க" என்றால் நடக்காது. "நாளைக்குக் காலை 7 மணிக்குத் தெருமுனைக் கடை வரைக்கும் போய்ப் பால் வாங்கிட்டு வாங்க. போறதுக்கு முன்னாடியும் வந்த பிறகும் மனசுக்கு 0-லிருந்து 10-க்குள்ள மார்க் போடுங்க" என்று சொல்லுங்கள். எழுத வராதவர் மார்க்கை போனில் பேசிப் பதிந்தால் போதும். இப்படி வீட்டில் செய்துவரச் சொன்னதைச் செய்யாமல் வந்தால் கொடுத்தது பெரிதாகிவிட்டது என்று பொருள், பாதியாகக் குறையுங்கள்.

அறிவுரை நாக்கு நுனிக்கு வரும்போது, "இதுக்கு இதுவரைக்கும் என்னெல்லாம் செஞ்சு பாத்தீங்க?" என்று கேளுங்கள். நீங்கள் சொல்ல நினைத்ததை அவர் எப்போதோ செய்து பார்த்திருப்பார்.

கேள்வி: என்னிடம் வரும் 22 வயதுப் பெண்ணின் அம்மா எனக்குத் தெரிந்தவர். "என் மக ஒங்கட்ட என்ன சொன்னா?" என்று போன் செய்கிறார். (அம்பாசமுத்திரம்)

பதில்: "அவ பேசினதை நான் சொல்லக்கூடாதுக்கா. நீங்க ஏதாவது சொல்லணும்னா கேட்டுக்கிடுதேன். ஆனா நீங்க போன் பண்ணினதை அவகிட்ட மறைக்க மாட்டேன்." இவ்வளவுதான் பதில். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் ரகசியம் ஓர் உரிமை. அம்மா என்பதால் அது தளராது. உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டும் நிலைமை வேறு. 18 வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். இரண்டையும் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தில் நேருக்கு நேர் பார்த்தால் என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். அவர் பேசினால் பேசலாம். நீங்களாக முந்த வேண்டாம். நெருங்கிய சொந்தம் என்றால் எடுக்கவே எடுக்காமல் வேறொருவரிடம் அனுப்புங்கள். ஊர்ப்பக்கம் இதுதான் கஷ்டம், ஆனால் வேறு வழியில்லை.

கேள்வி: "இருந்து என்னத்துக்கு" என்றான் ஒரு பையன். தற்கொலை பற்றி நானாகக் கேட்டால் தூண்டிவிட்டதாகிவிடுமா? (வள்ளியூர்)

பதில்: ஆகாது. "செத்துப் போகணும்னு தோணுதா தம்பி?" என்று நேராகவே கேளுங்கள். பூசி மெழுகிக் கேட்டால் பதிலும் அப்படித்தான் வரும். ஆம் என்றால் எவ்வளவு அடிக்கடி, திட்டம் இருக்கிறதா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா, இதுவரை தடுத்தது எது என்று வரிசையாகக் கேளுங்கள். திட்டமும் பொருளும் சேர்ந்திருந்தால் அவனைத் தனியே அனுப்பாதீர்கள். அறையில் இருந்தபடியே மேற்பார்வையாளருக்கும், அவன் நம்பும் ஓர் உறவினருக்கும் போன் செய்து, அன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். வயல் வீடாக இருந்தால் பூச்சிமருந்து அன்றைக்கே வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனாஸ் (14416) இரவிலும் எடுக்கும், தமிழில் பேசலாம்.

"இனிமே நெனைக்க மாட்டேன்னு அம்மா தலையில சத்தியம் பண்ணு" என்பது மட்டும் வேண்டாம். சத்தியம் செய்தவன் அடுத்த முறை உங்களிடம் மறைப்பான். அதற்குப் பதிலாக ஒரு தாளில் அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்: எண்ணம் வருவதற்கான அறிகுறி, தானாகச் செய்துகொள்ளக்கூடியது, போய் உட்காரக்கூடிய இடம், கூப்பிடக்கூடியவர்கள். எழுதியதை அவன் போனிலேயே படமெடுத்து வைக்கட்டும். முன்பு முயன்றவர் என்றால் கேஸ் வரும் என்று வீட்டார் ஆஸ்பத்திரிக்குத் தயங்குவார்கள். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதவேண்டும் என்கிறது 2017 சட்டம், அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: மாத்திரை எடுக்கும் ஒருவர் குறி கேட்கவும் போகிறார். தடுக்கவா? (சங்கரன்கோவில்)

பதில்: வேண்டாம். தடுத்தால் கோயிலை விடமாட்டார், உங்களைத்தான் விடுவார். கயிறு கட்டட்டும், பூஜை செய்யட்டும். மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, அடித்தாலோ, கட்டிவைத்தாலோ அங்கே ஒரே பேச்சுதான்: கூடாது. 2001-இல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கிடந்தவர்கள் தீயில் மாண்டதை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லத் தயங்காதீர்கள்.