நடை சாத்தும் நேரம்

அன்புள்ள அக்கா,

கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர், பதினாறு வருடம் கழித்து, வீட்டுக்காரர் பிள்ளைகள் யாரும் இல்லாமல் உங்கள் மதுரைக்கு வந்துபோனோம். ஈரோட்டில் இருந்து வேன் பிடித்தோம். சனி, ஞாயிறு இரண்டே நாள். மீனாட்சி கோவில், மகால், காந்தி மியூசியம், தெப்பக்குளம், திருப்பரங்குன்றம், அழகர்கோவில், கீழடி என்று பட்டியல் போட்டு எல்லாவற்றையும் முடித்தோம். சனிக்கிழமை செல்போனையும் செருப்பையும் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்கும்போதே நடை சாத்திவிட்டார்கள். மறுநாள் ஓடிப்போய் இருபது நிமிடத்தில் கும்பிட்டுவிட்டு வந்தோம். கீழடியிலும் அதே இருபது நிமிடம்தான். ஒருத்தி சுங்குடிப் புடவை எடுக்க வேண்டும் என்றாள். நேரமில்லை என்று நான்தான் வேனில் ஏறச் சொன்னேன். திண்டுக்கல் தாண்டும்வரை அவள் என்னோடு பேசவில்லை.

நடுவில் சனிக்கிழமை ராத்திரி சிம்மக்கல் பக்கம் வேன் பஞ்சராகி, ஒரு மணி வரைக்கும் ரோட்டோர இட்லிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது யோசித்தால் அது மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கிறது. தை மாதம் மறுபடியும் வரப்போகிறோம். எதைப் பார்ப்பது, எதை விடுவது? ராத்திரியில் பெண்கள் மட்டும் வெளியே இருக்கலாமா?

உங்கள் வாசகி,
ஈரோடு

அன்புள்ள தங்கைக்கு,

பஞ்சரான அந்த ராத்திரியைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மதுரைக்காரர்கள் மதுரையில் இருப்பதுபோல நீங்கள் இருந்தது அந்த இரண்டு மணி நேரம்தான். மற்றதெல்லாம் வேனின் நேரம்.

வடக்கு மாசி வீதியில் காலம் முழுக்க இருந்த என் அப்பத்தாவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. 'நடை சாத்தியாச்சு, சாப்புட வாங்க' என்பார். 'நடை தொறந்துருச்சு, எந்திரிச்சுப் பூக்கட்டு' என்பார். 'பள்ளியறை முடிஞ்சிருச்சு, படுங்க' என்றால் மணி பத்து. பகல் பன்னிரண்டரையில் இருந்து நாலு மணி வரை கோவில் நடை சாத்தியிருக்கும் என்பது வெளியூர்க்காரர்களுக்கு இடைஞ்சல். இங்கே இருப்பவர்களுக்கு அது சாப்பிட்டுப் படுக்கிற நேரம். நீங்கள் வந்து நின்றது சரியாக அந்த நேரத்துக்கு. அடுத்த முறை ஊரின் நேரத்துக்கு உங்களை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்லப்போகிற ஒரே யோசனை. மீதியெல்லாம் அதன் விளக்கம்.

வேன் வேண்டாம். ஈரோட்டுப் பஸ் ஆரப்பாளையத்தில் நிற்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்து மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் அறை எடுத்துவிட்டால் பிறகு எங்கேயும் நடந்தே போகலாம். அந்த வீதியின் பெயரையே கொஞ்சம் கவனியுங்கள். மதுரையைச் சுற்றிக் கோட்டையும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த வேலையை நின்று பார்த்த மேஸ்திரியின் பெயர் வீதிக்கு நின்றுவிட்டது. கலெக்டரின் நினைவாக எழுப்பியதுதான் விளக்குத்தூண். மதிலுக்கு வெளியே இருந்த இடம் வெளி வீதி ஆயிற்று.

அங்கிருந்து உள்ளே உள்ளே நடந்து வாருங்கள். வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி, கோவில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. தமிழ் மாதங்களையே வீதிகளாக்கிக் கோவிலைச் சுற்றிச் சுற்றிப் போட்டிருக்கிறார்கள். வேனில் வந்து கிழக்கு வாசலில் இறங்குகிறவருக்கு இது தெரியாமலே போய்விடும். வெளி வீதியில் தொடங்கி நாலு சுற்றையும் கடந்து வருகிறவருக்குக் கோபுரம் ஒளிந்து ஒளிந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் பெரிதாகிக்கொண்டே வரும். தெற்குக் கோபுரம் 52 மீட்டர் உயரம்.

கோவிலுக்கு விடியற்காலை ஐந்தரைக்குப் போங்கள். செல்போனை அறையிலேயே வைத்துவிட்டால் கொடுக்கவும் வாங்கவும் வரிசை இல்லை. முதலில் அம்மன் சன்னதி, பிறகுதான் சுவாமி. இங்கே அதுதான் முறை. சித்திரையில் மீனாட்சிக்குப் பட்டம் கட்டுவார்கள், ஆவணியில் சுந்தரேசுவரருக்கு. நடுவில் நாலு மாதம் ஊரை ஆள்வது அவள்தான். உள்ளே எல்லாவற்றையும் பார்த்துவிட நினைக்காதீர்கள். கம்பத்தடி மண்டபத்தில் மீனாட்சி கல்யாணச் சிற்பம் ஒன்று போதும். திருமால் தங்கையின் கையைப் பிடித்துத் தாரை வார்த்துக் கொடுக்கிறார். ஊரையே ஆண்டவள், அங்கே தலையைக் கொஞ்சம் குனிந்து நிற்கிறாள். அந்தக் குனிவை மட்டும் பாருங்கள். பிறகு பொற்றாமரைக் குளத்துப் படியில் ஐந்து பேரும் உட்காருங்கள். எழுந்திருக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றும்வரை.

மகால், தெப்பக்குளம், கோவில் மூன்றையும் மூன்று 'இடங்கள்' என்று உங்கள் பட்டியலில் எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு அவை ஒரே கதை. திருமலை நாயக்கர் 1636-இல் மகாலைக் கட்டினார். இன்று மிஞ்சி நிற்பது அதில் கால்பங்குதான். பேரன் சொக்கநாதர் காலத்தில் மிச்சத்தைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டிய பள்ளம்தான் வண்டியூர்த் தெப்பக்குளம் என்றும், தோண்டும்போது கிடைத்த பிள்ளையார்தான் கோவிலில் இருக்கிற முக்குறுணிப் பிள்ளையார் என்றும் இங்கே வழிவழியாகச் சொல்வார்கள். ஒரு குறுணி ஆறு படி. பிள்ளையார் சதுர்த்திக்குப் பதினெட்டுப் படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை பிடித்து அவருக்குப் படைப்பார்கள். காலையில் அந்தப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு, பத்து மணிக்கு மகால் தூணைக் கட்டிப்பிடித்துப் பாருங்கள். ஒருத்தி கைக்கு அடங்காது, மூன்று பேர் கைகோக்க வேண்டும்.

பிறகு விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா. பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். அப்புறம் சாப்பாடு. அப்புறம் தூக்கம். கேட்டீர்களா, தூக்கம்! நடை சாத்தியிருக்கும்போது நீங்களும் கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள். பதினாறு வருடம் கழித்துச் சேர்ந்த தோழிகள் மத்தியானம் ஒரே அறையில் காலை நீட்டிப் படுத்தால் தூங்கவும் மாட்டீர்கள். பரவாயில்லை, அதற்குத்தானே வருகிறீர்கள்.

தை மாதம் வருவதால் ஒரு முக்கியமான விஷயம். தைப்பூசத்தை ஒட்டிய பௌர்ணமியில் தெப்பத் திருவிழா. அந்த நாளைக் காலண்டரில் பார்த்து வந்தால் மற்ற எதையும் பார்க்காவிட்டாலும் குறையில்லை. அம்மனும் சுவாமியும் காலையிலேயே கோவிலில் இருந்து புறப்பட்டுத் தெப்பக்குளத்துக்கு வந்துவிடுவார்கள். இரவு அவர்கள் திரும்பும்வரை கோவில் நடை சாத்தியிருக்கும், அதனால் தரிசனத்தை முதல் நாளோ மறுநாளோ வைத்துக்கொள்ளுங்கள். கரையில் நிற்கிறவர்கள் வடம் பிடித்து இழுக்க, விளக்கெல்லாம் எரிய, மைய மண்டபத்தைச் சுற்றித் தெப்பம் வரும். என் சிறு வயதில் குளம் பல வருடம் வறண்டு கிடக்கும். உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். தண்ணீர் இல்லாத வருடங்களில் தெப்பம் நின்ற இடத்திலேயே நிற்கும், நிலைத்தெப்பம் என்பார்கள். அப்பத்தா முகம் அன்றைக்கு முழுக்க வாடியிருக்கும். இப்போது சில வருடங்களாக வைகைத் தண்ணீர் வந்து குளம் நிறைந்து கிடக்கிறது. நிறைந்த குளத்தில் தெப்பம் அசைந்து வருவதை நான் இப்போதும் கண் கலங்காமல் பார்த்ததில்லை.

ராத்திரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இருக்கலாம். ரயில்வே ஸ்டேஷன் எதிர்ப்பக்கம், டவுன்ஹால் ரோடு, மாசி வீதிகள் என்று கடையும் வெளிச்சமும் இருக்கிற இடத்திலேயே இருங்கள். ஆற்றங்கரைப் பக்கம், ஆளில்லாத சந்துகள் வேண்டாம். அவ்வளவுதான். ஒன்பது மணிக்கு மேல் கோவிலில் பள்ளியறை பூஜை. சுவாமியின் பாதத்தைப் பல்லக்கில் வைத்து, மேளம் வாசித்து, அம்மன் சன்னதிக்குக் கொண்டுபோவார்கள். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் பருத்திப்பால் சூடாக இருக்கும். கருப்பட்டியும் சுக்கும் போட்டது, தை மாதக் குளிருக்கு வேறெதுவும் ஈடில்லை. பிறகு இட்லியோ கறிதோசையோ, உங்கள் விருப்பம். நான் கல்லூரியில் படிக்கும்போது விடுதித் தோழிகள் மூன்று பேரை அப்பத்தா இப்படித்தான் கூட்டிப்போனார். முப்பது வருடம் ஆகிவிட்டது. அவர்கள் இன்றும் என்னைக் கூப்பிட்டால் மகாலைப் பற்றிக் கேட்பதில்லை, அந்தப் பருத்திப்பால்காரர் இருக்கிறாரா என்றுதான் கேட்கிறார்கள்.

எதை விடுவது? திருப்பரங்குன்றம், அழகர்கோவில் இரண்டையும் இந்த முறை விடுங்கள். அழகர்கோவில் ஊரில் இருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். கீழடியை மட்டும் விடாதீர்கள். நீங்கள் எழுதிய இருபது நிமிடம் எனக்கு வருத்தமாக இருந்தது. அங்கே அகழாய்வில் கிடைத்த பழம்பொருட்களை வைத்து 2023-இல் திறந்த அருங்காட்சியகம் அது. ஊரில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அரை நாள் ஒதுக்குங்கள். பானை ஓடுகளில் 'ஆதன்' என்று கீறியிருக்கும், அதைப் பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்கு ஓடிவிடாமல் சில்லுகள் இருக்கிற இடத்தில் நில்லுங்கள். உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லு. ஐந்து பேரும் சின்ன வயதில் பாண்டி ஆடியவர்கள்தானே? இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் அதே ஆட்டத்தை அங்கே யாரோ ஐந்து பெண் பிள்ளைகள் ஆடியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டால் கால் நகராது.

இன்னொன்று. ஐந்து பேரும் எந்நேரமும் ஒன்றாகவே சுற்ற வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். ஒருத்திக்குக் கோவில், ஒருத்திக்குக் கடை, ஒருத்திக்கு வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டும். பிரிந்து போய்விட்டு ஆறு மணிக்கு விளக்குத்தூண் அடியில் சேர்ந்துகொள்ளுங்கள்.

சுங்குடி கேட்ட தோழியை நீங்களே கூட்டிப்போங்கள். துணியில் சின்னச் சின்ன முடிச்சாகக் கையால் போட்டுச் சாயத்தில் முக்கி எடுப்பதுதான் அசல் சுங்குடி. இங்குள்ள சௌராஷ்டிரக் குடும்பங்களின் கைவேலை. இப்போது அச்சடித்ததும் நிறைய வருகிறது, அதனால் 'முடிச்சுப் போட்டதா' என்று கேட்டு வாங்குங்கள். விரல் வைத்துத் தடவினால் புள்ளி கொஞ்சம் புடைத்திருக்கும். கடைக்காரர் இருக்கிற அத்தனையையும் பிரித்துப் போடுவார். ஒரு மணி நேரம் ஆகும், இரண்டு மணி நேரமும் ஆகலாம். நீங்கள் மணி பார்க்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

அன்புடன்,
அக்கா