ரெபெக்கா: நாவலின் கொலையும் திரைப்படத்தின் விபத்தும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரி நாட்களில் வாசித்த டாஃப்னி டு மாரியரின் ‘ரெபெக்கா’வை அண்மையில் மீண்டும் வாசித்தேன்; கையோடு ஹிட்ச்காக்கின் படத்தையும் பார்த்தேன். நாவலில் மாக்ஸிம் டி வின்டர் தன் முதல் மனைவி ரெபெக்காவைச் சுட்டுக் கொல்கிறான். படத்திலோ அவள் தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டு இறக்கிறாள். தணிக்கைக்காகச் செய்த இந்தச் சிறு மாற்றத்தால் கதைக்குச் சேதமில்லை, மாக்ஸிம் மீது பரிவுதான் கூடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

மாற்றத்தின் காரணம் நீங்கள் சொல்வதுதான். 1934 முதல் ஹாலிவுட்டில் கண்டிப்புடன் அமலில் இருந்த தயாரிப்பு நெறிமுறை, மனைவியைக் கொன்றவன் தண்டனையின்றித் தப்புவதைத் திரையில் காட்ட இடம் தரவில்லை. 1938இல் வெளிவந்த நாவலிலிருந்து விலகக் கூடாது என்று ஹிட்ச்காக்கிடமே மல்லுக்கு நின்ற தயாரிப்பாளர் செல்ஸ்னிக்கும், 1940இல் வெளிவந்த படத்தில் இந்த ஓர் இடத்தில் பணிந்துபோக வேண்டியிருந்தது. ஆனால் இதைச் சிறு மாற்றம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. மாக்ஸிமை விட, கடைசிவரை பெயர் சொல்லப்படாமல் கதையைச் சொல்லிச் செல்லும் இரண்டாம் மனைவியைத்தான் அது வேறு ஆளாக்கிவிடுகிறது.

நாவலில் மாக்ஸிம் அவளிடம் உண்மையைச் சொல்லும் பகுதியை இன்னொரு முறை புரட்டிப் பாருங்கள். துப்பாக்கியால் சுட்டதையும், கடல்நீரை மொண்டுவந்து குடிசையின் தரையைக் கழுவியதையும், உடலைப் படகில் கிடத்தி, அடிப்பலகைகளைத் துளைத்து மூழ்கடித்ததையும் அவன் ஒன்றுவிடாமல் சொல்கிறான். அத்தனையையும் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த இளம்பெண்ணின் மனம் பற்றிக்கொள்வது ஒன்றே ஒன்றைத்தான்: இவன் ரெபெக்காவை ஒருநாளும் நேசித்ததில்லை. மாண்டர்லி மாளிகைக்கு வந்த நாள் முதல் இறந்தவளோடு தன்னை ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கூனிக் குறுகியவளுக்குக் கணவனின் கொலைக்குற்றம் மணவாழ்வின் முதல் நற்செய்தியாக வந்து சேர்கிறது. அவள் பக்கமே நின்று வாசித்து வந்த நாமும் அவளோடு சேர்ந்து நிம்மதிப் பெருமூச்சு விடுகிறோம். அதன்பின் வரும் மரண விசாரணையிலும், ரெபெக்காவின் உறவினனும் காதலனுமான ஃபேவெலின் மிரட்டலிலும், லண்டன் மருத்துவரைத் தேடிச் செல்லும் பயணத்திலும் நம் நெஞ்சு படபடப்பது ஒரு கொலைகாரன் பிடிபட்டுவிடக் கூடாதே என்றுதான். திகில் நாவல் என்று பெயர்பெற்ற இந்தப் புத்தகத்தில் என்னை உண்மையிலேயே திகைக்க வைப்பது இதுதான். ரெபெக்காவின் நினைவிலேயே வாழும் வீட்டு நிர்வாகி டான்வர்ஸ் அம்மாள்கூட இரண்டாம்பட்சம்.

இதற்குச் சான்றாக ஒரு சிறிய காட்சியைச் சொல்கிறேன். கணவனின் வாக்குமூலத்தைக் கேட்ட மறுநாள், மதிய உணவுக்கு முந்தைய நாளின் மிச்சங்களே பட்டியலில் இருப்பதைக் கண்டு, அவள் அதை அடித்துவிட்டுச் சூடான உணவு சமைக்கச் சொல்லி அனுப்புகிறாள். கேள்வி கேட்டு வந்து நிற்கும் டான்வர்ஸ் அம்மாளிடம், இப்போது திருமதி டி வின்டர் நான்தான் என்கிறாள். அதுவரை பணிப்பெண்களுக்குக்கூட அஞ்சி, உடைந்த பீங்கான் பொம்மையை மேசை இழுப்பறையில் ஒளித்துவைத்தவள் அவள். படத்திலும் இதே சொற்கள் உண்டு. ஆனால் அவை மாறுவேட விருந்துக்கு முன்பே, உண்மை எதுவும் தெரியாத நிலையில் பேசப்படுகின்றன. படத்தில் அது ஒரு பயந்த பெண் தைரியத்தை வரவழைத்துக்கொள்ளும் இடம். நாவலிலோ அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் அவளை மெச்சுகிறோம்.

படத்தை நான் குறைத்துப் பேசவில்லை. கடற்கரைக் குடிசையில் மாக்ஸிம் நடந்ததை விவரிக்கும்போது, அன்றிரவு ரெபெக்கா எழுந்து வந்த பாதையில் கேமரா அவளில்லாத வெறும் அறையூடாக நகர்கிறதே, அதற்கு நிகரான ஒன்றை எழுத்தில் செய்ய முடியுமா என்பது சந்தேகமே. டான்வர்ஸ் அம்மாளாக வரும் ஜூடித் ஆண்டர்சனின் நடிப்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. கதையின் முடிவில் மாண்டர்லியை எரிக்கும், நாவலில் வெறும் செவ்வானமாகத் தொலைவில் தெரியும் தீயைப் படம் உள்ளே சென்று காட்டுவதும் திரைக்கு உகந்ததுதான்.

தணிக்கையாளர்கள் கேட்ட தண்டனை நாவலிலேயே இருந்தது என்பதுதான் இதில் எனக்குள்ள ஆதங்கம். இரண்டாம் அத்தியாயத்திலேயே அந்தத் தம்பதி வெளிநாட்டு விடுதி ஒன்றில், வந்துசேரும் ஆங்கிலப் பத்திரிகைகளை நம்பிக் காலம் தள்ளுகிறார்கள். ஒருநாள் காட்டுப்புறாக்களைப் பற்றிய கட்டுரையை அவள் உரக்க வாசிக்கிறாள். மாண்டர்லியின் காடு நினைவுக்கு வந்து கணவனின் முகம் வெளிறுவதைக் கண்டதும், சட்டென்று பக்கத்தைத் திருப்பிக் கிரிக்கெட் செய்திக்குத் தாவிவிடுகிறாள். எதை வாசிக்கலாம், எதை விழுங்கிவிட வேண்டும் என்று தினமும் எடைபோடும் இந்த வாழ்க்கையை நீதிமன்றம் எதுவும் அவர்களுக்கு விதிக்கவில்லை. மாக்ஸிமை நிரபராதியாக்கிவிட்ட படத்துக்கோ இந்த நாடுகடந்த வாழ்வு தேவைப்படவில்லை. எரியும் மாளிகையின் முன் தம்பதியைத் தழுவ வைத்து அது முடிந்துவிடுகிறது.

முதல் வாசிப்பில் அந்த அத்தியாயத்தை நம்மில் பலரும் கதைக்கு முந்தைய வர்ணனை என்று கடந்துவிடுகிறோம். நாவல் இன்னும் கைவசம் இருந்தால், கடைசிப் பக்கத்தை முடித்த கையோடு அதை மட்டும் மறுபடி வாசித்துவிட்டு, மாக்ஸிம் மீது உங்களுக்குப் பரிவு கூடுகிறதா குறைகிறதா என்று எழுதுங்கள்.