ஸ்கானர் சொன்ன உடனே சென்சர் மாத்தாதேங்கோ: வாகனம் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணை. என்னட்ட 2012ஆம் ஆண்டு ஐரோப்பாக் கார் ஒண்டு இருக்குது, 2 லீற்றர் டீசல். கொஞ்ச நாளா எஞ்சின் லைற் பத்தினபடியே நிக்குது, ஏ9ல ஆரையும் முந்துவம் எண்டு அமத்தினா பின்னால கரும்புகை, டீசலும் முந்தியவிடக் கூடக் குடிக்குது. கராஜில ஸ்கானர் போட்டுப் பார்க்க பி0135 எண்ட பிழைக் கோட் வந்தது, ஒக்சிஜன் சென்சர் பழுதாப்போச்சு, மாத்தோணும் எண்டினம். இன்னொரு பாஸ் டீசலுக்கு உது தேவையே இல்லை, கழட்டி விடு எண்டுறார். ஒரு கடையில பெற்றோல் காரின்ர நாலு வயர் சென்சர் மலிவா இருக்குது, திரெட்டும் ஒண்டுதானாம். வாங்கிப் போடவோ? புகைப் பரிசோதனையும் கிட்டுது.
(வாசகர், கொக்குவில்)

பதில்: தம்பி, முதல்ல அந்தப் பெற்றோல் சென்சரை வாங்காதேங்கோ. ஒக்சிஜன் சென்சர் எண்டது எக்ஸ்ஹோஸ்ட் பைப்பில நிண்டு, புகையில மிச்சமிருக்கிற ஒக்சிஜனைப் பார்க்கிறது. திரெட் பொருந்தும், அநேகமான சென்சருக்கு 18 மில்லிமீற்றர் திரெட்தான், ஆனா வேலை பொருந்தாது. பெற்றோல் எஞ்சின் 1 பங்கு எண்ணெய்க்கு 14.7 பங்கு காத்து எண்ட கணக்கில ஓடுறது, நாலு வயர் சென்சர் அந்த ஒரு புள்ளிக்கு அங்காலயோ இங்காலயோ எண்டு மட்டும்தான் சொல்லும். டீசல் எப்பவும் காத்துக் கூடவா வைச்சுத்தான் எரிக்கும், சும்மா ஸ்லோவில நிக்கேக்க இன்னும் கூட. அதால உங்கட காருக்கு எவ்வளவு ஒக்சிஜன் மிச்சம் எண்டு அளந்து சொல்லுற வைட்பாண்ட் சென்சர் வேணும், அது அநேகமா அஞ்சு வயர், கொனெக்டரில ஆறு பின்.

தேவையில்லை எண்ட பாஸ் பழைய டீசல் வான்களில வேலை செய்தவரா இருப்பார், அதுகளில இது இல்லைத்தான். உங்கட காரில எஞ்சினை நடத்துற கொம்பியூட்டர், அதாவது ஈசியூ, இந்தச் சென்சரைப் பார்த்துத்தான் ஈஜிஆரையும் (எரிஞ்ச புகையில ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள்ள விடுறது) அடிக்கிற டீசல் அளவையும் திருத்துது. கழட்டி விட்டா லைற்றும் போகாது, கணக்கும் பிழைக்கும்.

இனி பி0135. அது சென்சர் செத்துப்போச்சு எண்டு சொல்லுற கோட் இல்லை, சென்சருக்குள்ள இருக்கிற ஹீற்றரின்ர மின்சுற்றில பிழை எண்டுதான் சொல்லுது. வைட்பாண்ட் சென்சர் 700 பாகைக்கு மேல சூடானாத்தான் ஒழுங்கா அளக்கும், அந்தச் சூட்டைக் குடுக்கிறது ஹீற்றர். ஆகவே முதல் பார்க்கவேண்டியது பியூஸ். பியூஸ் நல்லா இருந்தா எஞ்சின் ஆறின பிறகு கொனெக்டரைக் கழட்டி, சென்சர் பக்கத்தில ஹீற்றர் பின் ரெண்டுக்கும் (போஷ் வைட்பாண்ட் சென்சரில சாம்பல் வயரும் வெள்ளை வயரும்) மல்டிமீற்றரை வைச்சு மின்தடை எத்தினை ஓம் எண்டு பாருங்கோ. சில ஓம் காட்டினா ஹீற்றர் உயிரோட இருக்குது, ஒண்டுமே காட்டாட்டி அறுந்துட்டுது, அப்ப சென்சர் மாத்தத்தான் வேணும். ஹீற்றர் நல்லம் எண்டா கார்ப் பக்கக் கொனெக்டரில எஞ்சினை ஸ்ராட் பண்ணி 12 வோல்ற் வருதோ எண்டு பாருங்கோ. வராட்டி பிழை வயரிலயோ ரிலேயிலயோ. எக்ஸ்ஹோஸ்ட் பைப்பில முட்டி உருகின வயரும் எலி கடிச்ச வயரும் எங்கட பக்கத்தில நிறைய. இந்த ரெண்டு சோதனையும் செய்யாம ஆயிரக்கணக்கில காசு குடுத்து சென்சர் வாங்கிறதைப் பார்க்க எனக்கு உண்மையாவே மனம் பொறுக்கிறேல்ல.

கரும்புகையைத் தனியாப் பாருங்கோ, இதுதான் முக்கியம். ஹீற்றர் போனா ஈசியூ தன்னட்ட இருக்கிற பொதுக் கணக்கில ஓடும், அதால மட்டும் அமத்தேக்க அப்பிடிப் புகை கக்கிறது குறைவு. கரும்புகை எண்டா எண்ணெய்க்குக் காத்துப் போதேல்ல. எஞ்சினுக்குக் காத்தை அமத்தித் தள்ளுற டேர்போவில இருந்து, அந்தக் காத்தை ஆத்துற இண்டர்கூலருக்குப் போற ரப்பர் ஹோஸ் வெடிச்சிருக்குதோ, ஈஜிஆர் வால்வ் திறந்தபடி கரி பிடிச்சு இறுகியிருக்குதோ, எயார் பில்டர் அடைச்சிருக்குதோ எண்டு முதல்ல பாருங்கோ. டீசல் வாகனத்துக்குப் பரிசோதனையில எஞ்சினை ரேஸ் பண்ணி புகையின்ர அடர்த்தியைத்தான் அளக்கிறவை, சென்சரை இல்லை. ஹோஸ் வெடிச்சிருக்க புதுச் சென்சர் போட்டுக்கொண்டு போனீங்கள் எண்டா காசும் போய், பரிசோதனையும் பெயில்.

சென்சர்தான் எண்டு உறுதியானா பழையதில இருக்கிற பார்ட் நம்பரைப் பார்த்து அதே நம்பரில புதுசு எடுங்கோ. இஞ்ச இல்லாட்டி கொழும்பில வாகனப் பார்ட்ஸ் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தையில கேட்டுப் பார்க்கலாம், ஆனா கழட்டின பழசு வேண்டாம், அது எவ்வளவு கரி திண்டதெண்டு ஆருக்கும் தெரியாது. முதல் நாளே திரெட்டில துரு எண்ணெய் விட்டு ஊற வையுங்கோ, அடுத்த நாள் எஞ்சின் இளஞ்சூட்டில இருக்கேக்க பட்டரி மைனஸைக் கழட்டிப்போட்டு, வயருக்கு வெட்டு வைச்ச 22 மில்லிமீற்றர் சென்சர் சொக்கட்டால கழட்டுங்கோ. கொதிக்கேக்க கழட்டினா கையும் சுடும் திரெட்டும் கிழியும். புதுசின்ர திரெட்டில அநேகமா பேஸ்ட் பூசித்தான் வரும், மேலதிகமாப் பூச வேண்டாம், முனையில ஒரு துளியும் படக்கூடாது. இறுக்கிறது 40 தொடக்கம் 60 நியூட்டன் மீற்றருக்குள்ள, உங்கட காருக்குக் குடுத்த அளவு தெரிஞ்சா அதுதான். கொனெக்டரை வெட்டிப்போட்டு வயரை முறுக்கி ஒட்டாதேங்கோ, அந்தச் சென்சருக்கு அளந்து வைச்ச ஒரு ரெசிஸ்டர் கொனெக்டருக்குள்ளதான் இருக்குது. கொனெக்டருக்குள்ள கிறீஸ், ஸ்பிறே ஒண்டும் அடிக்கவும் கூடாது.

பூட்டின பிறகு கோட்டை அழிச்சு, சில கார்களில பழைய சென்சரை வைச்சு ஈசியூ படிச்சு வைச்ச கணக்கையும் ஸ்கானரால ரீசெற் பண்ணோணும், அதை மறந்திடுவினம். பிறகு ஒராளை ஸ்கானரோட பக்கத்தில இருத்தி ஆளில்லாத நீட்டு ரோட்டில ஓடி, கியரில வைச்சபடி காலை எடுங்கோ. டீசல் அடிக்கிறது நிண்டு வெறுங்காத்துத்தான் போகும், ஒக்சிஜன் 21 வீதத்துக்குக் கிட்ட ஏறோணும். ஏறினா சென்சர் சரி.

கேள்வி: சென்சரைக் கழட்டிப் பெற்றோல்ல கழுவினாத் திருந்துமோ?
(வாசகர், சாவகச்சேரி)

பதில்: இல்லை. ஹீற்றர் அறுந்தா கழுவி வராது. கரிதான் எண்டா நல்ல வேகத்தில கொஞ்சத் தூரம் சூடா ஓடினா அதுவாவே எரியும். உள்ள இருக்கிறது செராமிக், ஈரத்தோட பூட்டி ஹீற்றர் வேலை செய்யத் தொடங்கினா வெடிச்சிடும். மாரியில வெள்ளம் நிக்கிற ஒழுங்கையுக்கால கொதிக்கிற பைப்போட வேகமாப் போனாலும் இதே கதிதான் வரலாம், மெதுவாப் போங்கோ.